உப்புத்தாள்

ஐப்பசி பிறந்து நாலாம் நாள்
பின்விளக்கு கண்ணை மூடிக்கொண்டது.
நான் பார்க்கவில்லை.
ஓட்டுகிறவளுக்குத் தெரியாத இடத்தில்தானே
அதன் பிழைப்பு.
உப்பனாற்றுப் பாலத்தில் உரசிக்கொண்டுபோன
லாரிக்காரன்
கெட்ட வார்த்தையில் சொல்லித் தெரிந்தது.

முதுநகர் இறால் கம்பெனியில்
இரண்டாம் ஷிப்ட் முடிந்து வீடு சேர்கையில்
மணி பன்னிரண்டேகால்.
விரலுக்குள் இன்னும் ஐஸ் வலி.
வாடை போகக் கைக்கு எலுமிச்சை தேய்க்கிற நேரத்தில்
விளக்கைக் கழற்றி முறத்தில் போட்டேன்.
திருகாணி மூன்று.
ஒன்று துருவில் கரைந்து தலையில்லாமல் நின்றது.
மூடியைத் திறந்தால் அரை ஸ்பூன் மழை.
பேட்டரி ஓரத்தில் வெள்ளையாய்ப் பூத்து,
ஸ்பிரிங்கில் மயில்கழுத்துப் பச்சையாய்க் களிம்பு.
அழகாகத்தான் இருந்தது, சனியன்.

உப்பைத் தின்றது
தண்ணீர் குடித்திருக்கிறது.
இந்தப் பக்கத்துக் காற்றில்
எதுதான் தின்னவில்லை?
ஜன்னல் கம்பி, பூட்டு, சாமி படத்து ஆணி,
தவணை முடியாத தையல் மிஷின்.

கைக்குத் தேய்த்த எலுமிச்சை மூடியின் மிச்சத்தை
ஸ்பிரிங்குக்கும் பிழிந்தேன். நுரைத்தது.
பழைய பல் பிரஷ். பிறகு உப்புத்தாள்.
யார் வைத்த பேரோ!
உப்பு அரித்ததைச் சுரண்டுவதற்கும்
உப்பு என்றே ஒரு தாள்.
அடியில் தகடு மெல்ல விழித்தது.

பஞ்சரான டியூபில் வளையம் வெட்டி
மூடிக்கும் உடம்புக்கும் நடுவில்.
பித்தவெடிப்புக்கு வைத்திருந்த வாசலைன்
விளிம்பெல்லாம்.
தலைபோன திருகாணியின் மேல்
மகளின் நகப்பூச்சு, ஊதா நிறம்,
அவள் தூங்கும்போது.
எரிந்தது.
வாளித் தண்ணீரில் முக்கினேன், அங்கேயும் எரிந்தது,
வாளி முழுக்கக் குங்குமம்.

இந்தப் பெருமை இரண்டு நாள்.
மூன்றாம் நாள் காலை வெயில் பட்டதும்
சிவப்புக் கண்ணாடிக்குள்ளே வியர்வை.
ஒரு பொட்டு நீரை விடவில்லையே நான்!
காற்றோடு வந்து ஒளிந்திருக்கிறது.
போக வழியில்லாமல்
உள்ளேயே ஆவியாகி
உள்ளேயே தூறி.
கோணியூசியைக் காய்ச்சி
அடிப்பக்கம் ஒரு துளை இறக்கினேன்.
பாடுபட்டு அடைத்ததில் நானே போட்ட ஓட்டை;
கை கொஞ்சம் கூசியது.
சொட்டியது, ஒன்று.
உலை கொதித்து அரிசி போட்ட பிறகு
இன்னொன்று.

அன்றிரவு கம்பெனி கேட்டில் சொன்னாள்
அஞ்சலாட்சி, பச்சையாங்குப்பம் வரை
என் பின்னால் வருகிறவள்:
"அன்னிக்கு ஒன் லைட்டு அணைஞ்சப்ப
எனக்கு ரோடே அணைஞ்சிபோச்சிக்கா.
பஞ்சர்னு பொய் சொல்லிட்டு
தள்ளிக்கிட்டுதான் வந்தேன்.
அந்த செவப்பப் புடிச்சிக்கிட்டுதானே
தெனம் வர்றேன்."

மாலைக்கண்.
சூப்பர்வைசர் காதுக்குப் போனால்
பகல் ஷிப்ட் தரமாட்டார், கணக்கு முடிப்பார்.

இரண்டு வருடமாக
என் முதுகுக்குப் பின்னால் இவள்.
இவள் முதுகுக்குப் பின்னால்
இருட்டு, லாரி, இருட்டு.

தூறலில் நின்று ஸ்பேனர் போட்டேன்.
விளக்கு அவள் கேரியருக்குப் போனது.
"ஒனக்கு?" என்றாள்.
எனக்குப் பின்னால் நீ இருக்கிறாய் என்று
சொல்ல வாய் வரவில்லை.
சம்பளம் ஏழாம் தேதி, பார்ப்போம் என்றேன்.
என் கேரியரில் வெள்ளை ஐஸ் சாக்கைக் கட்டி,
முன்னால் டைனமோ வெளிச்சம்,
வாய் ஓயாமல் நான்:
பள்ளம் அஞ்சலை, வலப்பக்கம் ஒடி.
மாடு படுத்திருக்கு.
தண்டவாளம். எறங்கு.

பாலத்தில் திரும்பிப் பார்த்தேன்.
அவள் உருவத்துக்கு ஓரம் மட்டும் சிவந்திருந்தது,
விளக்கு தெரியவில்லை.
சொட்டுதா என்று கத்தினேன்.
"என்னாது சொட்டுதா?"

அவளுக்கும் தெரியாது.