எருமை அவிழ்த்த வகையில்

அரண்மனைப் பணம் என்று தெரிந்ததும்
கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் கூட்டித்தான் சொன்னேன்.
மறைக்க என்ன இருக்கிறது.

தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் எதிரில்
என் ஆம்னியில் ஏறியவள் பாங்காக்கிலிருந்து வந்தவள்.
பழைய கல்லெழுத்துப் படிக்க அவர்கள் ராஜா வீட்டு நிதி அனுப்பியிருக்கிறது.
பெயர் மலி.
"உங்கள் மல்லிதான், வழியில் ஒரு புள்ளியெழுத்து
கடலில் விழுந்துவிட்டது" என்றாள்.

ஊருக்கு வருகிறவர்களிடமெல்லாம்
நெல்லிக்கனி கொடுத்த ராஜாவை எடுத்துவிடுவது என் வழக்கம்.
நான் வாய் திறக்குமுன்
"தெரியும். அதற்கு ரசீது இருந்ததா?" என்று சிரித்தாள்.

ரசீதுதான் அவளுக்குப் பெரும்பாடு.
மொரப்பூரில் தின்ற கடலைக்கு,
பஞ்சர் ஒட்டியதற்கு,
எதற்கும் கையெழுத்துப் போட்ட காகிதம் கேட்கிறது அரண்மனை.
அரூர் டீக்கடை இதாயத்துல்லா பாய்
காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினார்:
தாய்லாந்து ராஜா சமூகத்துக்கு,
டீ நாலு. அதில் ஸ்ட்ராங் ஒன்று.

மரவள்ளிக் காட்டு வரப்பில் நின்றது கல்.
கல்லில் வில்லோடு ஒருவன்.
அவனை உரசிக்கொண்டு முனியக்காவின் எருமை,
கயிறு அவன் தலைக்குமேல் மூன்று சுற்று.

"எங்க மாமியா காலத்துலேர்ந்து இதான் கட்டுத்தறி.
அவுக்கணும்னா எரநூறு."

மலி பேரம் பேசவில்லை.
ரசீதுப் புத்தகத்தை என்னிடம் நீட்டினாள்.
எந்த இனத்தில் எழுதுவது?
தலையைச் சொறிந்து எழுதினேன்:
எருமை அவிழ்த்து வேறிடம் கட்டிய வகையில் ரூ. 200.
முனியக்கா கையெழுத்துப் போட்டாள்,
மு மட்டும் எருமை அளவுக்கு.

நான் வாளி பிடித்தேன்.
கல்லை நனைத்து, ஈரத்தாளை ஒட்டி,
தூரிகையால் தட்டத் தட்ட
கல் தாளுக்குள் எழுந்தது.
மை ஒற்றியதும், கருப்பில் வெள்ளையாய், முதல் வரி:
கோவிசைய என்று தொடங்கும் ஒரு ராஜா. அவருக்கு இத்தனையாவது ஆண்டு.
ஒரு கீறல் இல்லை.
அடுத்த வரியில் அவருக்குக் கீழிருந்த ஒருவர். சற்றே தேய்மானம்.
அதற்கும் கீழே
தொறு மீட்டுப் பட்டான்.

"தொறுன்னா?"
முப்பத்தெட்டு வருடமாக இந்த மண்ணில் இருக்கிறேன்.
"மாட்டு மந்தை," என்றாள் பாங்காக்காரி.

மாடு மீட்கச் செத்தவன்.
அவன் பெயர் இருந்த இடத்தில்
கயிறு அரைத்த வழவழப்பு,
ஓரத்தில் க்கன் என்று ஒரு மிச்சம்.
காக்கனா, சொக்கனா, முக்கனா.
கன்னத்தைக் கல்லில் வைத்துப் பார்த்தாள்.
இருட்டியது. டார்ச் அடித்தேன், பக்கவாட்டில், கீழிருந்து.
புளியமரத்தடியில் எருமை அசைபோட்டுக்கொண்டே இருந்தது.

"கல்லுக்குக் காசு கொடுத்தது ராஜாவா?"
"தெரியாது. ரசீது கிடைக்கவில்லை."
இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

மறு ஆடியில் தபாலில் வந்தது புத்தகம்.
முதல் பக்கத்தில் பொன்னில் முத்திரை,
அதன்கீழ் ராஜாவின் பெயர் என்று நினைக்கிறேன்,
இரண்டு வரிக்கு நீண்டு கிடந்தது.
நடுவில் எங்கள் கல். பக்கத்தில் மூன்று புள்ளி, பிறகு க்கன்.
கடைசித் தாளில் மட்டும் தமிழ்:

திம்மராயன், வண்டி, டார்ச்.
இதாயத்துல்லா, டீ.
முனியக்கா, எருமை.

கொண்டுபோய்க் காட்டினேன்.
ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுத்
தன் பெயரைத் தொட்டாள்.
"ராத்திரி வரைக்கும் தேடிச்சே அந்தப் பொண்ணு,
அந்த ஆளு பேரு கெடச்சுதா?"
"பாதிதான்."

கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு காட்டுப் பக்கம் கையை நீட்டினாள்.
"இப்பல்லாம் அங்க கட்டறதில்ல.
ஒரு சாண் மேல ஏத்திட்டேன்."

போய்ப் பார்த்தேன்.
எருமை நின்றது.
கயிறு, முதல் வரியில்.