பத்தொன்பதில் எத்தனை

கொட்டகைக் கதவின் உள்பக்கம்
சுண்ணக்கட்டியால் எழுதினேன்:
நானூற்றுப் பத்துக் கட்டு, கட்டுக்குப் பதினாறு கிலோ,
புல்லும் குதிரைமசாலும் கலந்தது.
நாரின் ஆற்றோரம் இந்தக் கோடையில் அறுத்தது அவ்வளவுதான்.
மிச்சத்தை மழை தின்றது.

பெட்டைச் செம்மறிக்கு நாளைக்கு இரண்டு கிலோ.
கறவைக்கு எட்டு.
பனி விழுந்து பனி வடிய நூற்று அறுபத்தைந்து நாள்.
பெருக்கினேன், கழித்தேன், வகுத்தேன்.
பதினைந்து ஆடு என்றது கதவு.
பட்டியில் நின்றவை பத்தொன்பது.

"குதிரை?" என்றேன்.
எசென்குல் தேநீர்க் கிண்ணத்தை உள்ளங்கையில் சுற்றினான்.
"அதை ஏன் கணக்கில் இழுக்கிறாய்?
குளம்பால் பனியைக் கிளறித் தின்னும்.
அதன் அப்பனும் அப்படித்தான் தின்றது."

குதிரை ஒன்று, ஆடு நான்கு.
பதினைந்தை அழித்துப் பதினொன்று எழுதினேன்.
இரவெல்லாம் பேச்சில்லை.
விடிகையில்
விற்பது நான்கா எட்டா என்ற வழக்கு
ஆறில் வந்து நின்றது.
புருஷன் பெண்டாட்டி கணக்கு அப்படித்தான் முடியும்;
ஆட்டின் வயிற்றுக்கு அது தெரியாது.

எந்த ஆறு?
கண்ணை நம்பவில்லை. கம்பளி பொய் சொல்லும்.
கடைசி விலா முடிகிற இடத்தில்
விரல் வைத்து அழுத்தினேன்.
முதுகெலும்பு சீப்புப் பல்லாய்க் குத்திய இரண்டைத்
தனியே கட்டினேன்.
உதட்டை விலக்கினால், முன்பல் உதிர்ந்தவை இரண்டு.
மடி ஒரு பக்கம் கல்லாய்ப் போனது ஒன்று.
ஆறாவது, இரண்டு வருடமாய்ச் சினை தங்காதவள்,
வெள்ளை முகத்தாள்,
எசென்குல் சீட்டியடித்தால் ஓடி வருபவள்.
அன்று அவன் சீட்டியடிக்கவில்லை.

அக்டோபர் ஞாயிறு, அத்-பாஷி சந்தை.
"இப்போதே ஏன்? வசந்தத்தில் விலை ஏறுமே" என்றாள்
பக்கத்து வீட்டு புரூல்.
ஏறும்தான். அதுவரை அது நிற்க வேண்டுமே.
உடம்பில் கொழுப்பு இருக்கையில் விற்றால் ஆட்டின் விலை,
மார்ச்சில் விற்றால் தோலின் விலை.

வந்த பணத்தில் முதலில் பூச்சிமருந்து
(புழுவுக்கும் சேர்த்துத் தீனி போட என்னால் ஆகாது),
பிறகு வாற்கோதுமை எட்டு மூட்டை, உப்புக்கட்டி நான்கு.
மிச்சத்தில் மகனுக்குக் காலணி.

ஜனவரியில், யாரும் கேட்காமல், மழை.
பனியின் மேல் மழை, மழையின் மேல் இரவு.
காலையில் மலை முழுக்கக் கண்ணாடி.
நான்காம் நாள் குதிரை தானாக வாசலுக்கு வந்தது,
கணுக்காலில் ரத்தம் உறைந்து.
எசென்குல் படலைத் திறந்தான்.
அவனும் ஒன்றும் சொல்லவில்லை, நானும்.
கதவில் எழுதினேன்: குறைவு, இருபத்து மூன்று கட்டு.

அதன்பின் தினமும் ஒரே வேலை.
விடியுமுன் தொட்டியின் உறைபனியை உடைப்பது,
தாகத்தில் நிற்கும் ஆடு புல்லைத் தொடாது.
சினையின் கடைசி ஆறு வாரம் வாற்கோதுமை,
குட்டி பெருக்கப் பெருக்க
வயிற்றில் புல்லுக்கு இடம் சுருங்குகிறது.
முதல் நாள் ஒரு கைப்பிடி, நாலு நாள் கழித்து இன்னொன்று.
மொத்தமாய்க் கொட்டினால் வயிறு புளித்துப்போகும்.
அடுக்கின் அடியில் மூன்று கட்டு பூஞ்சணம் பூத்திருந்தது.
சினையாட்டுக்குக் காட்டக் கூடாது.
தெரியும். தெரிந்தும்
பாதி நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
பிறகு எருக்குழியில் போட்டேன்.

ஏப்ரலில் பதின்மூன்றில் பன்னிரண்டு ஈன்றன.
ஒன்று ஈனாமலே போனது.
ஏன் என்று இன்னும் தெரியவில்லை.
அடுக்கில் மிஞ்சியது கயிறு மட்டும்.

நேற்றுக் கதவைக் கழுவப் போனேன்.
அடுத்த பனிக்கு என்று புதிதாய் ஒரு வரி,
எசென்குலின் கோணல் கையெழுத்து:
குதிரை, நாளைக்கு ஏழு கிலோ.

ஏழாம்.
சுண்ணக்கட்டியைத் தேடுகிறேன்.