நாணல் கணக்கு

நோயேலியாவின் ஓபோவுக்கு வாய் நாணல்தான்.
மெல்லிய சீவல்கள் இரண்டைச் சேர்த்து நூலால் கட்டியது,
நகத்தைவிடச் சற்றே தடிமன்.
நாணல் பிரான்சிலிருந்து வருகிறது, விலை யூரோவில்.
மோட்டார்சைக்கிளில் பிறர் வீட்டுச் சாப்பாட்டைச் சுமக்கும் எனக்குக் கூலி பெசோவில்.
பெசோ காலையில் ஒன்று, மாலையில் வேறொன்று.

ஒரு நாணல் குழல், நாலு நாள் பால்.
இதை அவளிடம் சொன்னதில்லை.
மின்கட்டண ரசீதின் முதுகில் பென்சிலால் எழுதி
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன், எனக்காக.
அவள் பார்த்தாள்.
மறுநாள் மதியம் பசியில்லை என்றாள்,
கத்தியைத் தீட்டிக்கொண்டே.

ரொசாரியோவில், எங்கள் குடியிருப்பில்,
பத்து மணிக்கு மேல் வாசித்தால்
கீழ்வீட்டு எஸ்கிவெல் துடைப்பக்கட்டையால் கூரையை இடிப்பார்.
ஆகவே துணி அலமாரிக்குள் உட்கார்ந்து
என் குளிர்காலக் கோட்டுகளுக்கு நடுவே
ஒரே சுரத்தை நீட்டுவாள்.
கச்சேரி தொடங்குமுன் மற்ற வாத்தியங்கள் எல்லாம்
அந்த ஒன்றுக்குக் காதுகொடுத்துத்தான்
தங்களைத் திருத்திக்கொள்ளுமாம்.
இந்த வீட்டில் அதற்குத் திருந்துவது
எட்டு மாத புரூனோ மட்டும்.
அழுகையைப் பாதியில் விட்டுவிட்டு
வாய் திறந்தபடி தூங்கிப்போவான்.

ஒரே ஓர் இடம், தலைநகரத்து இசைக்குழுவில்.
முப்பத்தொரு வருடம் ஒருவர் உட்கார்ந்து எழுந்த நாற்காலி.
அறுபத்தேழு பேர் விண்ணப்பித்திருந்தார்கள்.
பேருந்துச் சீட்டுக்குத் தம்பியிடம் கேட்டேன்.
கொடுத்தான். "இது எத்தனாவது தடவை?"
நாலாவது.

திரைக்குப் பின்னால் நின்று வாசிக்க வேண்டும்.
ஆணா பெண்ணா, இளசா முதிர்ந்ததா
நடுவர்களுக்குத் தெரியக் கூடாது.
குதிகால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும் என்று
காலணியைக் கழற்றச் சொல்வார்கள்.
காலுறையில் ஓட்டையாம்,
கட்டைவிரல் கம்பளத்தைத் தொட்டதாம்.
"அங்கே மட்டும் நான் யாருக்கும் அம்மா இல்லை"
என்றாள் தொலைபேசியில், முதல் சுற்று தாண்டியதும்.
அதே மூச்சில், "காந்தெலாவுக்குக் காய்ச்சல் எவ்வளவு?"

முப்பத்தெட்டரை.
முப்பத்தேழு என்றேன்.

அன்று மழை. வேலைக்குப் போகவில்லை.
ஆளுக்கொரு தோளில் இரண்டையும் போட்டுக்கொண்டு
ஜன்னலோரம் நடந்தேன்.
பரானா ஆறு செம்மண் நிறத்தில்,
சோயா ஏற்றிய கப்பலொன்று எந்த அவசரமும் இல்லாமல்.
அவள் ஜெயித்தால் தலைநகரில் வாடகை,
இரண்டு மாத முன்பணம், ஜாமீன் கையெழுத்து,
இரவுக் கச்சேரிகளில் குழந்தைகளுடன் யார்,
நான் ஓட்டினால் யார்.
எங்கே தொடங்கினாலும் கணக்கு ஒரே சுவரில் முட்டியது.
தோற்றால் என்ன என்றும் போட்டுப் பார்த்தேன்.
அது மட்டும் மீதியில்லாமல் வந்தது.

இறுதிச் சுற்றில் இருவர்.
மாலை ஆறரைக்கு அழைத்தாள்.
யாரையும் எடுக்கவில்லையாம்.
நாற்காலியைக் காலியாகவே விட்டுவிடுவார்கள்,
அதற்கு எங்கள் மொழியில் சொல், பாலைவனம்.
"மேற்படி இடம் பாலைவனம் என அறிவிக்கப்படுகிறது"
குமாஸ்தாக் குரலில் வாசித்துக் காட்டினாள்.
சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

என் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று
காலை நீட்டி உட்கார்ந்தது.
நிம்மதி. ஒரு மூச்சளவு.
வருத்தம் பிறகுதான் வந்தது,
பேருந்தைத் தவறவிட்டவன்போல் இரைக்க இரைக்க.
அந்த ஒரு மூச்சை யாரிடமும் சொன்னதில்லை.

நள்ளிரவுக்கு மேல் வந்து சேர்ந்தாள்.
பையிலிருந்து முதலில் எடுத்தது
பேருந்தில் கொடுத்த பிஸ்கட், இரண்டு, காந்தெலாவுக்கு.
அடுத்து கத்தி.
மார்ச்சில் மறுபடி நடத்துவார்களாம்.
விளக்கடியில் நாணல் சுருள் சுருளாக உதிர்ந்தது.
புது விலை என்ன என்று கேட்டேன்.
சொன்னாள். ரசீதில் அடித்து எழுதினேன்.
ஆறு நாள் பால்.

"உன் கோட்டுகளை இன்னும் நெருக்கித் தொங்கவிடு,
சத்தம் வெளியே போகிறது" என்றாள்.

தொங்கவிட்டேன்.