எட்டாவது சங்கு

கடைசி வியாழன், மாலை ஆறரை.
நாற்பது நாற்காலி போடச் சொல்வார் அமில்கார்.
நான் இருபத்தைந்துதான் போடுவேன்.
காலி இருக்கைகளைப் பார்த்துப் பேசினால்
அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

இன்றைய உரை: பார்ரா வெல்யாவின் ஏழு மத்தி ஆலைகள்.
பிறகு நேலியுவின் அக்கார்டியன், அரை மணி நேரம்.
பிறகு திராட்சை ரசம், தீரும்வரை.

புரொஜெக்டர் வெளிச்சத்தில்
ஏழு புகைபோக்கிகள் வரிசையாக நின்றன.
கடிகாரம் இல்லாத வீடுகள், என்றார் அமில்கார்,
படகு கரை தொட்டதும் சங்கு ஊதும்,
ஆலைக்கு ஒரு குரல்.
நடுச்சாமமோ மழையோ
தன் சங்கு எதுவென்று தெரிந்து
பெண்கள் ஓடுவார்கள்.
மீன் யாருக்காகவும் காத்திருக்காது.

"எட்டு."

மூன்றாம் வரிசை.
மழைக்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்த சுல்மீரா.

"ஆவணங்களில் ஏழுதான், அம்மணி."
"ஆவணமா மீன் கழுவியது?"

பாலத்துக்கு அந்தப் பக்கம்,
ஐஸ் கிடங்குக்குப் பின்னால்,
உரிமம் கிடையாது,
கூலியில் பாதி காசு, பாதி மீன் தலை.

அமில்கார் கண்ணாடியைத் துடைத்தார்.
பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருடம்
பையன்களை மடக்கிய அதே குரலில் கேட்டார்:
"திருட்டு ஆலை சங்கு ஊதுமா?"

ஊதாது, என்றாள்.
இரண்டு விரலை வாயில் வைத்தாள்.
இரண்டு குட்டை, ஒரு நெட்டை.
வெளியே யாருடைய நாயோ குரைத்தது.

"சீட்டியெல்லாம் சங்கா?" என்று
பின்வரிசையிலிருந்து தெயோலிந்தா எழுந்தாள்.
மூன்றாம் ஆலைக்காரி.
வயிற்றிலிருந்து ஒரு முனகலை இழுத்து
மெல்ல மெல்ல மேலே ஏற்றினாள்,
கன்று தேடும் மாடு மாதிரி.
"உன்னுடையது இவ்வளவு தடியா இல்லையே,"
என்றாள் பக்கத்தில் இருந்தவள்.
"ஐந்தாவதுதான் தடி."
அவளும் ஊதிக் காட்டினாள்.

சண்டையைத் தீர்க்க நேலியு பெட்டியைத் திறந்தான்.
ஒரு கட்டையை அழுத்தி, "இதுவா?"
"கீழே."
"இது?"
"இன்னும் கீழே, மகனே, பனி மூடிய ராத்திரி அது."
துருத்தி நீண்டது.
பழைய தகர டப்பாக்கள் இருக்கும் அலமாரியின் கண்ணாடி
லேசாக அதிர்ந்தது.

அவன் தயாரித்து வந்த வால்ட்ஸ் எதுவும்
வாசிக்கப்படவில்லை.
அமில்கார் உரைத்தாளின் பின்பக்கத்தில்
எதையோ எழுதிக்கொண்டே இருந்தார்.
ரசம் எட்டு மணிக்கே தீர்ந்துவிட்டது.

பதிவேட்டில் நான் நிரப்ப வேண்டும்:
வந்தவர்கள் இருபத்து மூன்று.
கலை நிகழ்ச்சி நடந்ததா, ஆம், இல்லை.
பேனா அங்கேயே நின்றது.

சுவரில் இன்னும் ஏழுதான்.
பலகை மாற்ற நகரசபை ஒப்புதல் வேண்டும்.

நாற்காலிகளை மடக்கும்போது
லியோனில்த் பெரியம்மா ஞாபகம் வந்தது.
சீட்டிச் சத்தம் கேட்டால்
ராத்திரியில் எழுந்து போகிறவள் என்று
தெருவே அவளைப் பேசியது.
பெரியப்பா ஒரு நாள்
பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.
அவள் யாருக்கும் பதில் சொன்னதில்லை.
கை மட்டும் எப்போதும் மீன் வாடை.

கதவைப் பூட்டினேன்.
இரண்டு விரலை வாயில் வைத்துப் பார்த்தேன்.
வெறும் காற்றுதான் வந்தது.