மூன்று விரல் கீழே

களியக்காவிளை.
டயர் ரீட்ரெடிங் கடைக்கு மேல் மாடி.
வியாழன் இரவு, சந்தையிலிருந்து கடைசி வாழைத்தார் லாரியும்
போன பிறகுதான் ஆம்ப்பைத் திருகுவோம்.
ரப்பர் வாசனை எட்டாவது ஆளாக வந்து உட்காரும்.

ஹெப்சிபா யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை.
செருப்பைக் கழற்றுவாள். தண்ணீர் குடிப்பாள்.
மூன்று விரலைத் தரை பார்த்து நீட்டுவாள்.
மூன்று ஃபிளாட். ஈ ஃபிளாட்.
"ஆம்பிளைங்களுக்கு வெட்டித் தைச்ச சுருதி எனக்கு வேண்டாம்"
என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.
பாறசாலை பிஜுலால் அன்று முழுக்க
கதவு எண் அழிந்த தெருவில் தபால்காரனைப் போல
பேஸ் கம்பியில் அலைந்தான்.

அவள் தாளம் எடுப்பதைப் பார்க்க வேண்டும்.
மற்றவர்கள் ஒன்று இரண்டு மூன்று என்பார்கள்,
பந்திக்கு இலை எண்ணுகிற மாதிரி.
இவள் பாட்டின் நடுவிலிருந்து ஒரு வரியை
வாய்க்குள் பாடிப் பார்ப்பாள்.
இடது குதிகால் அசையும்.
இரண்டிலும் நான்கிலும் சொடுக்குவாள்.
சொடுக்கு விழும் இடத்தில்
டெல்பினின் ஹை-ஹாட் மூட வேண்டும்.
மூடாவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாள்,
அடுத்த சொடுக்கைக் கொஞ்சம் உரக்கப் போடுவாள்.
அவ்வளவுதான் கண்டிப்பு.

பகலில் மார்த்தாண்டத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடம்.
கையை மடக்குங்க, சார். இப்ப விடுங்க.
எங்களுக்கும் அந்தக் கைதான்:
உச்சந்தலையைத் தொட்டால் முதலிலிருந்து.
நான்கு விரல் என்றால் டிரம்ஸோடு மாறி மாறிப் பேச்சு.
முஷ்டி என்றால் முடிந்தது,
ஊசி எடுத்த மாதிரி.

போன வாரம் நெய்யாற்றின்கரையிலிருந்து
ஒரு சாக்ஸபோன் வந்திருந்தது. ரினோஷ்.
கானமேளாக்காரன், மூச்சு நிறைய.
இரண்டு சுற்று கொடுத்தாள்.
மூன்றாவதை அவனே எடுத்துக்கொண்டான்.
நான்காவதையும்.
ஐந்தாவதில் டெல்பின் என் பக்கம் சாய்ந்து,
"லேய், இவன் ஸ்டாப் வந்தாலும் இறங்க மாட்டான்" என்றான்.

அவள் மைக்கை வைத்துவிட்டு அவன் அருகில் போய் நின்றாள்.
அவன் விட்ட கடைசி மூன்று சுரத்தை
வெறும் தொண்டையில் திருப்பிப் பாடினாள்.
அவன் வேறொன்று ஊதினான்.
அதையும் பாடினாள், ஒரு சுரம் குறைத்து.
பிறகு இன்னும் ஒன்று குறைத்து.
எந்த இடத்தில் அவன் ஊதுவதை விட்டுக்
கேட்கத் தொடங்கினான் என்று
அவனுக்கே தெரிந்திருக்காது.
அவள் கை உச்சந்தலைக்குப் போனது.

கரண்ட் போனது.

எங்கள் மின்வாரியம் எங்களுக்கு மட்டும் செய்தது.
என் கீபோர்டு செத்தது, ஆம்ப் செத்தது,
பிஜுலாலின் பேஸ் கொசு அளவுக்குச் சுருங்கியது.
பத்து விரல் என்னிடம், வாசிக்க ஒன்றுமில்லை;
தொடையைத் தட்டினேன், இரண்டிலும் நான்கிலும்.
அவள் நிறுத்தவில்லை.
இருட்டில் குரல் நகர்ந்தது, வலதாக,
ஸ்டூலில் இடித்து,
வார்த்தைக்குப் பதில் "அய்யோ" என்று ஒரு சுரம் வைத்து,
ஜன்னல் வரைக்கும்.

சாலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துத் தெருவிளக்கு.
அந்த மஞ்சளுக்குள் கையை மட்டும் நீட்டினாள்.
முழங்கைக்குக் கீழே அவள் தெரிந்தாள், மற்றபடி இல்லை.
உள்ளங்கை தாழ்ந்தது: டெல்பின் பிரஷ்ஷுக்கு மாறினான்.
ஒரு விரல் வட்டம் போட்டது: கடைசி வரி, இன்னொரு தடவை.
இன்னொரு தடவை.
ரினோஷ் அவள் குரலுக்கு அடியில்
ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்,
வந்ததிலிருந்து அவன் வாசித்ததிலேயே நல்லது.

கை விரிந்து நின்றது.
மீன் லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி எல்லையைக் கடந்தது.
அதுவும் போகட்டும் என்று காத்திருந்தாள்.
பிறகு மடக்கினாள்.

விளக்கு வந்தபோது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.
"அக்கா, அடுத்தது என்ன சுருதி?" ரினோஷ்.
டம்ளர் வாயில்.
இரண்டு விரல், கீழே.