ஐந்தில் எத்தனை

ஞாயிறு பக்கத்துக்கு நானூறு சொல் கேட்டிருக்கிறார்கள்.
அடியில் ஐந்து நட்சத்திரம், வெறுங்கோடாக.
எத்தனையைக் கறுப்பாக்குவது என்று தெரியாமல்
வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் கட்டில் குந்தியிருக்கிறேன்.
பாணந்துறை ரயில் ஒன்று வெளிச்சத்தை இழுத்துக்கொண்டு போகிறது.
கடல் தன் பாட்டில் கல்லை அடிக்கிறது.

கதை இவ்வளவுதான்:
பழுதாகி நின்ற கப்பலொன்றில் பதினாறு பேர்,
பதினைந்து கதிரை.
பாட்டு நிற்கையில் நிற்பவர் சாகவேண்டும்.
பிறந்தநாள் வீடுகளில் நாங்கள் விளையாடியதுதான்.
அங்கே தோற்றவனுக்குக் கேக் கொடுத்து
ஓரமாய் இருத்துவார்கள்.

முதல் அரைமணி நேரம் நான் பேனையைத் தொடவில்லை.
நிற்கப்போகிறது என்று தெரிந்தும்
எப்போதென்று தெரியாத அந்தச் சுற்றில்
கமரா முகங்களுக்குப் போகவேயில்லை.
செருப்புகளைப் பார்த்தது.
வார் அறுந்து ஊசி குத்திய ஒன்று,
பள்ளிக்கூடச் சப்பாத்து ஒன்று,
அளவு பெரிதாகி, குதிக்கால் பின்னால் விட்டுவிட்டுப் போகும் ஒன்று.
பாட்டு நின்றது.
எனக்கு முன்னால் இருந்த பெரிய மனிதர்
இரண்டு காலையும் தூக்கித் தன் கதிரைக்கு மேலே வைத்துக்கொண்டார்.

இடைவேளைக்குப் பிறகு
எல்லோரும் பேசத் தொடங்கினார்கள்.
கடன்பட்டவன் கடனை விளக்கினான்.
தாதி தன் குற்றத்தை விளக்கினாள்.
சாவதற்கு முன் ஆளுக்கு இரண்டு நிமிடம்,
ஆளுக்கொரு வயலின்.
முகமூடிக்காரன் பியானோ வாசித்தபடி
மனிதர் பேராசைக்காரர் என்றான்.
எனக்குக் கொட்டாவி வந்தது.

பக்கத்தில் அனெற்றா, என் ஓசி டிக்கெட்டில்.
கொள்ளுப்பிட்டியில் ஒரு கசினோவில்
பதினொரு வருடமாய்ச் சீட்டுப் போடுகிறவள்.
வாயிலேயே கிசுகிசுத்தாள்:

"தோக்கிறவை கத்துறேல்லை.
காணியை ஈடு வைச்ச காசு முழுக்க விட்ட ஒராள்
என்னட்டக் கேட்டது ஒண்டுதான்:
தங்கச்சி, இப்ப என்ன நேரம்?
எங்கட சுவரில மணிக்கூடு இல்லை.
நாலு பத்து எண்டன்.
தாங்ஸ் சொல்லி, எழும்பி,
கதிரையை மேசைக்குள்ள வடிவாத் தள்ளி வைச்சிட்டுப் போனார்.
முகமூடியும் அங்க ஒருத்தரும் போடுறேல்லை.
சேவ் எடுத்த பொடியன் ஒருத்தன் வந்து
சாப்பிட்டீங்களோ சேர் எண்டு கேப்பான்."

பின்வரிசை உஷ் என்றது.

அதற்குப் பிறகு நான் பார்த்தது
ஒன்பதாம் இலக்கக்காரரை மட்டும்.
ஒவ்வொரு முறையும் இருப்பதற்கு முன்
கையால் கதிரையைத் தட்டித் தூசி துடைத்தார்.
அவருக்கு வயலின் இல்லை. கடந்தகாலம் இல்லை.
ஏழாவது சுற்றில் தூசி தட்டிய கை திரும்புவதற்குள்
வேறொருவன் இருந்துவிட்டான்.
எழுதியவர் மறந்துபோய் நல்லதாய் விட்ட பாத்திரம்.
அல்லது நடிகர் யாருக்கும் சொல்லாமல்
தானாகச் சேர்த்துக்கொண்டது.
பெயர்ப்பட்டியலில் தேடினேன்;
அதற்குள் லைட்டைப் போட்டுவிட்டார்கள்.

முடிவில் கதாநாயகன் கடைசிக் கதிரையை உடைத்தான்.
மண்டபம் கைதட்டியது. நானும் தட்டினேன், வெட்கமில்லாமல்.
அனெற்றா கைப்பைக்குள் ஓட்டோக் காசு தேடிக்கொண்டிருந்தாள்.
"உடைச்சா என்ன, நாளைக்குப் புதுசு இறக்குவாங்கள்."

இப்போது பத்திரிகையிலிருந்து அழைப்பு:
விளம்பரம் வந்திருக்கிறதாம், அரைப் பக்கம்,
இதே படத்துக்கு.
நானூறை இருநூற்றைம்பது ஆக்கட்டாம்.
நட்சத்திரத்தில் கொஞ்சம் கையைத் தாராளமாய் வைக்கட்டாம்.

செருப்புகளுக்கு இரண்டு.
ஒன்பதாம் இலக்கக்காரருக்கு ஒன்று.
பியானோவுக்கு ஒன்றைக் கழிக்கலாம் என்றால்
கழிக்கும் குறி எங்கள் அச்சில் இல்லை.

கொட்டாஞ்சேனை போய்ச் சேர்ந்தவளின் மெசேஜ்:
"வீட்ட வந்திட்டன். மூண்டு குடு.
அந்தத் தூசி தட்டின ஐயாவை மட்டும் வெட்டிப்போடாத."

இருநூற்றைம்பது சொல்.
எதை வெளியே எடுப்பது என்று
ஒவ்வொரு வரியையும் சுற்றிச் சுற்றி வருகிறேன்.