ஆறே முக்கால் சென்டிமீட்டர்

ஹார்பினில் காலை ஏழு மணி, மைனஸ் இருபத்தாறு.
கையுறைமேல் கையுறை மாட்டிச்
சுண்டெலிகளின் கழிவை உற்றுப் பார்ப்பதில்
தொடங்குகிறது என் வேலை.

ஐந்தாம் கூண்டில் ரத்தம்.
ஆறாம் கூண்டிலும்.
ஏழு நாளாய் அவை குடித்த தண்ணீரில்
குடலைப் புண்ணாக்கும் உப்பைக் கலந்தது நான்தான்.
நோயைத் தெரிந்துகொள்ள
முதலில் நோயைச் செய்ய வேண்டியிருக்கிறது.
இதை வீட்டில் சொல்வதில்லை.

வீட்டில் என் தம்பி சுன்யூ.
முதான்ஜியாங் சாலையில் லாரி ஓட்டுகிறவன்.
ஊர்களை அவன் கழிப்பறைகளால் அறிவான்:
பூட்டியே கிடக்கும் ஊர், காசு கேட்கும் ஊர்,
குழாயில் தண்ணீர் உறைந்துபோன ஊர்,
கேட்குமுன்னே சாவியை எடுத்து நீட்டும்
பெட்ரோல் பங்க்காரி இருக்கிற ஊர்.
நாளைக்குப் பதினான்கு முறை.
முப்பத்தொரு வயதில்
பெல்ட்டில் புதிதாய் மூன்று ஓட்டை.

எங்கள் எழுத்தில் அழற்சி என்றால்
நெருப்பின்மேல் நெருப்பு.
எட்டுக் கோடுகள்.
மருத்துவச் சீட்டில் அதைப் பார்த்துச் சிரித்தான்:
"அக்கா, கீழ்நெருப்பு குடல்.
மேல்நெருப்பு லாரிக் கடன்."

குளிர்பெட்டியில் இருந்தது குரங்குத்தலைக் காளான்.
குடையில்லை, காம்பென்று சொல்லவும் ஒன்றுமில்லை,
வெள்ளை மயிராய்த் தொங்கும் ஒரு பந்து.
காட்டில் ஓக் மரத்தின் காயத்தில் முளைக்கும்.
அரைத்தோம், வடித்தோம், உப்பில் படியவைத்தோம்,
சவ்வுப்பையில் இரவெல்லாம் ஊறவிட்டோம்.
இரண்டு கிலோ காளான்
ஒரு சிட்டிகைப் பொடியாயிற்று.
புரதம், என்றார் டாக்டர் ஷாவ்.
மூச்சு விடாதே, பறந்துவிடும்.

ஏழாம் கூண்டுக்கும் அதே உப்புத்தண்ணீர்,
கூடவே இந்தப் பொடி.
பத்தாம் நாள் அங்கே ஒரு சுண்டெலி
மீசையைத் துடைத்துக்கொண்டது.
எடை அரை கிராம் கூடியிருந்தது.
அவ்வளவுதான் நற்செய்தி.

பிறகு வெட்டினோம்.
புண்பட்ட குடல் குறுகிப்போகும்;
பிளாஸ்டிக் அளவுகோலில் நீட்டி வைத்துப் பார்த்தால் தெரியும்.
ஐந்தாம் கூண்டு: ஐந்து, ஐந்தே கால்.
ஏழாம் கூண்டு: ஆறே முக்கால்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தேன்.
ஆறே முக்கால்.
நோயே செய்யாத கூண்டு: எட்டு.
ஆறே முக்காலுக்கும் எட்டுக்கும் இடையில்
ஓர் ஆள் உட்கார இடமுண்டு.
உட்கார்ந்தேன்.

உள்ளே போய் என்னதான் செய்கிறது அது?
நல்ல கிருமிகளுக்குச் சோறு போடுகிறதா,
வெறிபிடித்த அணுக்களிடம் போதும் என்கிறதா,
குடற்சுவரின் விரிசலைப் பூசுகிறதா?
டாக்டர் ஷாவ் பலகையில் மூன்று அம்புகள் வரைந்தார்.
ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு கேள்விக்குறி.
அந்த மூன்றாவது கேள்விக்குறியில்
அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

சுன்யூ எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டான்.
ஞாயிறு வந்து நின்றான், கையில் ஒரு மூட்டை காளான்.
"மாத்திரையை விட்டுவிடட்டுமா?"
கூடாது.
கொதிக்கும் பானையில் அந்தப் புரதம்
அந்தப் புரதமாகவே மிஞ்சுமா, தெரியாது.
நீ இருபது கிராம் உயிரில்லை.
உன் உடம்புக்கு எத்தனை மூட்டையென்று
இன்னும் யாரும் கணக்குப் போடவில்லை.
"ஆனா நல்லதுதானே?"
இருக்கலாம், என்றேன்.
ஆய்வறையில் தினமும் சொல்கிற சொல்.
தம்பியிடம் சொல்ல நாக்கு புரளவில்லை.

காளானைக் கையால் பிய்த்துக் கோழிச்சாற்றில் போட்டான்.
மாத்திரையை என் கண்முன் விழுங்கினான்.
இரண்டு கிண்ணம் குடித்தான்.
டயர் விலையைப் பற்றி, வலது கண்ணாடி உடைந்ததைப் பற்றி
ஒரு மணி நேரம், ஒன்றேகால் மணி நேரம்
எழுந்திருக்காமல் பேசிக்கொண்டிருந்தான்.
கடிகாரத்தைப் பார்க்காததுபோல் நடித்தேன்.

ஒரு நாள். ஓர் ஆள். ஒப்பிட வேறு கூண்டில்லை.
இது எதையும் நிரூபிக்காது.
குறித்து வைத்தேன்,
நோட்டின் கடைசிப் பக்கத்தில்,
பென்சிலால்.